மைனா நடையும் தகிட ஸ்விங்கும்

மைனா நடக்கும். சிட்டுக்குருவி நடக்காது, இரண்டு காலையும் சேர்த்துத் தத்தும். காகம் நிதானமாக நடந்துகொண்டே இருக்கும். அவசரம் வந்துவிட்டால் பக்கவாட்டில் இரண்டு தத்தும் போடும். பறவை நூல் எதையும் பார்க்காமல் இதைக் கண்டுபிடித்துச் சொன்னவர்கள் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள். சென்னையில், கடற்கரைக்கு நடந்தே போய்விடும் தூரத்தில் இருக்கும் ஒரு பள்ளியின் தாழ்வாரத்தில், சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டு உட்கார்ந்து பார்த்த பாடம் அது. சிட்டுக்குருவிக்காக மட்டும் பக்கத்துத் தெரு மளிகைக் கடை வாசல்வரை போக வேண்டியிருந்தது. பள்ளிக்குள் அது வருவதில்லை.

"பேரெல்லாம் வேண்டாம், கலரும் வேண்டாம். எது எப்படி நடக்குதுன்னு மட்டும் பாருங்க" என்று சொல்லி அனுப்பியவர் அறிவியல் ஆசிரியை அல்லர், நடன ஆசிரியை. அடுத்த பீரியடில் மைனாவின் நடை ஜாஸ் நடையானது. முழங்காலைச் சற்றே மடக்கி, நெஞ்சை நிமிர்த்தி, ஒவ்வோர் அடியையும் யோசித்து வைப்பதுபோல் வைத்து, தோளை எதிர்ப்பக்கம் திருப்பி வரிசையாக நடந்தார்கள். "மிஸ், இது ரஜினி நடை மிஸ்" என்றான் ஒருவன். அதை அவர் மறுக்கவில்லை. அதுவரை சுவரோரம் ஒதுங்கி நின்ற பையன்கள் அத்தனை பேரும் அந்த ஒரு வார்த்தையில் வரிசைக்கு வந்துவிட்டார்கள்.

சிறுவயதில் மயிலாப்பூரில் பரதம் கற்றவர் அவர். கல்லூரிப் படிப்புக்குப் பெங்களூரு போன இடத்தில் ஜாஸும் கன்டெம்பரரியும் கற்றுக்கொண்டார். அந்த ஊருக்கு அது புதிதல்ல. 1992-இல் தொடங்கிய ஜெயச்சந்திரன் பாலாழியின் ஆட்டக்களரி நடன மையம் அங்கே இயங்கிவந்தது. சென்னைக்கும் இதெல்லாம் புதிது என்று சொல்லிவிட முடியாது. எலியட்ஸ் கடற்கரையோரம் வாழ்ந்த நடன அமைப்பாளர் சந்திரலேகா 1985-இலேயே 'அங்கிகா'வில் பரதத்தையும் களரியையும் யோகத்தையும் ஒரே மேடையில் நிறுத்திக் காட்டியவர். ஆனால் தொடக்கப் பள்ளிகளின் கால அட்டவணைக்கு இந்த வரலாறு எட்டியிருக்கவில்லை. அதில் 'வெஸ்டர்ன் டான்ஸ்' என்று ஒரு கட்டம் போட்டிருந்தது. வகுப்புக்கு வாரம் ஒரு பீரியட், 40 நிமிடம். வரிசையில் வந்து, ஷூவைக் கழற்றி, சாக்ஸை அதற்குள் திணித்து முடிப்பதற்குள் அதில் கால்வாசி போய்விடும். நடனக் கூடமும் சாப்பாட்டுக் கூடமும் ஒன்றே என்பதால், மொசைக் தரையில் ஒட்டியிருக்கும் சோற்றுப் பருக்கையைப் பெருக்கித் தள்ளிய பிறகுதான் தரையில் உருள முடியும்.

நிர்வாகம் கேட்டது எளிமையானது. "ஆண்டு விழாவுக்கு ஒரு பாட்டு ரெடி பண்ணிடுங்க மேடம்." பிள்ளைகள் கேட்டதும் அதேதான். எந்தப் பாட்டு என்பதிலும் அவர்களுக்குச் சந்தேகமே இல்லை. அந்த மாதம் டிவியில் எது அதிகம் ஓடுகிறதோ அது.

பறவையை வைத்து ஜாஸ் சொல்லிக் கொடுப்பது ஏதோ ஓர் ஆசிரியையின் விசித்திர யோசனைபோலத் தோன்றலாம். உண்மையில் ஜாஸ் நடனமே அப்படி வளர்ந்ததுதான். அமெரிக்கக் கறுப்பின மக்களின் ஆட்டங்களில் விலங்குகளுக்குப் பஞ்சமில்லை. ஜார்ஜியாவின் கடலோரத் தீவுகளில் ஆடப்பட்ட 'பஸ்ஸர்ட் லோப்', செத்த விலங்கைச் சுற்றிச் சுற்றி வந்து கொத்தும் பிணந்தின்னிக் கழுகின் ஆட்டம். 1910-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்க நடனக் கூடங்களைக் கலக்கிய 'டர்க்கி டிராட்' வான்கோழி நடை. 'கிரிஸ்லி பேர்' கரடி ஆட்டம். ஒட்டக நடை என்றும் ஒன்று இருந்தது. கண்ணியமானவர்கள் அன்று முகம் சுளித்த இந்த ஆட்டங்களும் அவற்றின் வழிவந்தவையும்தான் பிறகு ஹார்லெமின் சவாய் நடனக் கூடத்தில் 'லிண்டி ஹாப்' ஆட்டத்தோடு கலந்து, பிராட்வேக்கும் ஹாலிவுட்டுக்கும் போய்ச் சேர்ந்தன. ஆகவே மைனா நடைக்கு ஜாஸில் முன்னோர்கள் உண்டு.

இன்னொரு முன்னோர் நமக்கு இன்னும் நெருக்கமானவர். 'நாடக ஜாஸ் நடனத்தின் தந்தை' என்று அமெரிக்கர்கள் கொண்டாடும் ஜாக் கோல், 1930-களில் பரதநாட்டியத்தின் பக்கம் திரும்பினார். மெட்ராஸ் வந்து பரதம் கற்றுப்போன லா மெரி என்ற அமெரிக்க நடனக் கலைஞரிடம் அவர் பயின்றார். தாழ்ந்த முழங்கால், தனியாக அசையும் கழுத்து, கத்திபோல் வெட்டும் கை என்று தான் கற்றதையெல்லாம் ஸ்விங் இசைமேல் ஏற்றி, நியூயார்க் இரவு விடுதிகளில் 'ஹிந்து ஸ்விங்' என்ற பெயரில் ஆடினார். 1953-இல் வெளிவந்த 'ஜென்டில்மென் பிரிஃபர் பிளாண்ட்ஸ்' படத்தில் மர்லின் மன்றோவின் புகழ்பெற்ற வைரப் பாட்டுக்கு நடனம் அமைத்தவரும் இவரே. பரதம் கற்கும் பிள்ளைகளின் பெற்றோர் சிலர் "ஜாஸ் ஆடினா பரதம் கெட்டுப்போயிடாதா மேடம்?" என்று வந்து கேட்கும்போது ஆசிரியை இந்தக் கதையைத்தான் சொல்வார். பாதிப்பேர் நம்ப மாட்டார்கள். மீதிப்பேர் வீட்டுக்குப் போய் மர்லின் மன்றோவின் கழுத்தை உற்றுப் பார்த்திருப்பார்கள்.

பரதம் கற்ற பிள்ளைகளிடம் ஒரு சிக்கல் இருந்தது நிஜம். "முழங்காலை மடக்குங்க" என்றால் போதும், பாதம் தானாகப் பக்கவாட்டில் விரிந்து அரைமண்டி வந்துவிடும். ஜாஸுக்குப் பெரும்பாலும் பாதம் நேராக, ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். வாயால் சொல்லிப் பார்த்தால் அடுத்த எட்டுக்குள் மறந்துவிடும். மொசைக் தரையின் கோடு அந்த வேலையை எளிதாகச் செய்தது. கட்டைவிரல் கோட்டைத் தாண்டினால் அவுட்.

பள்ளிச் சுற்றுச்சுவரின் ஓரத்தில் குழாய் ஒழுகும் இடத்தில் தொட்டாற்சிணுங்கி படர்ந்திருந்தது. மூன்றாம் வகுப்புக்கு 'ஐசொலேஷன்' சொல்லிக்கொடுத்தது அந்தச் செடிதான். உடம்பில் ஒரு பாகம் மட்டும் அசைய மற்றதெல்லாம் அசையாமல் இருக்க வேண்டும் என்பது ஜாஸின் முதல் பாடங்களில் ஒன்று. ஏழெட்டு வயதுப் பிள்ளைக்கு அதைப்போலக் கடினமானது வேறில்லை. தோளை மட்டும் ஆட்டு என்றால் இடுப்பு, நாக்கு எல்லாம் சேர்ந்து ஆடும்.

சுவரோரம் குந்தி உட்கார்ந்து ஓர் இலையின் நுனியை மட்டும் ஒரு பெண் விரலால் தொட்டாள். நுனியில் இருந்த ஜோடிச் சிற்றிலை முதலில் மேல்நோக்கிச் சேர்ந்துகொண்டது. அதற்கடுத்த ஜோடி, பிறகு அதற்கும் அடுத்தது என்று காம்பை நோக்கி மடிப்பு ஊர்ந்து வந்தது. பக்கத்து இலை அப்படியே விரிந்திருந்தது. இன்னும் கொஞ்சம் பலமாகத் தட்டியபோது காம்பே அடியில் மடங்கித் தொங்கியது. இலையின் அடியிலும் காம்பின் அடியிலும் இருக்கும் சிறு புடைப்புகளில் ஒரு பக்கத்து உயிரணுக்கள் சட்டென்று நீரை இழப்பதால் ஏற்படும் மடிப்பு அது. மூடுவதற்குச் சில நொடிகள். திறப்பதற்குப் பல நிமிடங்கள். பிள்ளைகளுக்கு இந்த இரண்டாவது பாதிதான் பொறுமையைச் சோதித்தது. "மிஸ், செத்துப்போச்சு மிஸ்" என்று அழுகைக் குரலில் ஒருத்தி சொல்ல, "இரு கண்ணா, பாரு" என்றார் ஆசிரியை. பெல் அடிப்பதற்குள் அது திறக்கத் தொடங்கியிருந்தது.

கூடத்துக்கு வந்ததும் கையே இலையாயிற்று. தோழி நடுவிரல் நுனியைத் தொட வேண்டும். விரல், மணிக்கட்டு, முழங்கை, தோள் என்று ஒவ்வொன்றாக மடங்க வேண்டும். ஒன்று மடங்கும்போது அடுத்தது காத்திருக்க வேண்டும். திறக்கும்போது முப்பத்திரண்டு எண்ணிக்கை எடுத்துக்கொள்ள வேண்டும். செடியைப் பார்க்காத இன்னொரு பிரிவுக்கு அதே பயிற்சியை வாயால் சொல்லிக் கொடுத்தபோது கைகள் மொத்தமாக மடங்கின. செடியைப் பார்த்தவர்களின் கை ஊர்ந்தது. இதைவிட நல்ல சான்று அவருக்குக் கிடைக்கவில்லை.

தாளம் இன்னோர் இடத்திலிருந்து வந்தது. ஸ்விங் இசையில் ஓர் அடி இரண்டு சம பாதியாகப் பிரியாது. முதல் பாதி நீளும், இரண்டாவது குறுகும். கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கும் ஒரு பங்கும் என்று வைத்துக்கொள்ளலாம். அமெரிக்க ஆசிரியர்கள் இதை விளக்கப் படும் பாடு இங்கே தேவைப்படவில்லை. 'தகிட' சொல்லச் சொன்னார். பிறகு நடுவில் இருக்கும் 'கி'யை விழுங்கிவிடச் சொன்னார். 'த–ட, த–ட' என்று கூடம் முழுக்கக் கைதட்டியபோது அது ஸ்விங் ஆகிவிட்டது. மிருதங்கம் கற்றுக்கொண்டிருந்த ஒரு பையன் அன்றைக்கு வகுப்பின் தலைவன். தப்பாகத் தட்டியவர்களையெல்லாம் அவனே திருத்தினான், கொஞ்சம் அதட்டலாகவே.

கன்டெம்பரரிக்குக் கடல். நான்காம், ஐந்தாம் வகுப்புகளை அனுமதிக் கடிதம் வாங்கிக் காலையில் கடற்கரைக்கு அழைத்துப் போனார். உடன் இரண்டு ஆயாம்மாக்கள், ஒரு விசில், தண்ணீருக்குள் யாரும் கால் வைக்கக்கூடாது என்ற கண்டிப்பு. பிள்ளைகளிடம் அலையை ஆடிக் காட்டு என்றால் எல்லோரும் செய்வது ஒன்றே: கையை மேலும் கீழும் வளைத்து ஆட்டுவார்கள். சினிமாவும் பள்ளி விழாக்களும் கற்றுக்கொடுத்த அலை அது. நிஜ அலையின் முன்னே நின்றபோது வேறு விஷயங்கள் கண்ணில் பட்டன. அலை வருவதற்கு முன்னால் தண்ணீர் பின்வாங்குகிறது. உடைந்த அலை மேலே ஏறிவந்து, ஓரிடத்தில் தயங்கி, பிறகு திரும்புகிறது. திரும்பும் தண்ணீரின் மேலேயே அடுத்த அலை ஏறிவிடுகிறது. "மிஸ், அது மூச்சு விடுது" என்றாள் ஒரு சிறுமி.

அமெரிக்க நடன அமைப்பாளர் டோரிஸ் ஹம்ஃப்ரி 1928-இல் 'வாட்டர் ஸ்டடி'யில் செய்ததும் இதைத்தான். அந்த ஆட்டத்துக்கு இசையே கிடையாது. மண்டியிட்டுச் சுருண்டிருக்கும் பெண்களின் முதுகுகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து தாழும். நடனக்காரர்களின் மூச்சே தாளம். ஆசிரியை அந்த யோசனையைப் பிள்ளைகளிடம் கொண்டுவந்தார். ஸ்பீக்கரை அணைத்துவிட்டு, இரண்டு வரிசையாகக் குந்தவைத்து, பக்கத்தில் இருப்பவரின் மூச்சைக் கேட்டபின்தான் எழ வேண்டும் என்றார். முதலில் வந்தது சிரிப்பு. அதற்குப் பிறகும் சிரிப்புத்தான். ஒருவன் மூச்சுக்குப் பதிலாகக் குறட்டை விட்டான். பெரியவர்களின் நடனக் குழு ஒன்றில் இது நடந்திருந்தால் ஒத்திகையே நின்றுபோகும்; இங்கே அந்தக் குறட்டையைக் கேட்டே அடுத்தவன் எழுந்தான், அவனைப் பார்த்து அதற்கடுத்தவள் எழுந்தாள், அலை வரிசையின் கடைசிவரை போய்த் திரும்பியது. இசை இல்லாமல் ஐம்பது பிள்ளைகள் சேர்ந்து அசைய முடியும் என்பதை எட்டிப் பார்த்த கணக்கு ஆசிரியர் நம்பவில்லை. இன்னொரு தடவை செய்யச் சொன்னார்.

ஜனவரி முதல் மார்ச்வரை, பிள்ளைகள் போன அந்தக் கடற்கரைக்குப் பங்குனி ஆமைகள் முட்டையிட வருகின்றன. 1988 முதல் மாணவர் கடல் ஆமைப் பாதுகாப்புக் குழுவினர் இரவு முழுக்கக் கரையோரம் நடந்து முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகத்தில் காப்பாற்றிவருகிறார்கள். சுமார் 45 முதல் 60 நாளில் வெளிவரும் குஞ்சுகளைக் கடலில் விடுவதைப் பார்க்கக் குடும்பங்கள் கூடும். அந்த ஆண்டு நடன வகுப்புப் பிள்ளைகள் பலரும் பெற்றோரோடு போயிருந்தார்கள். குஞ்சு துடுப்புகளை மாற்றி மாற்றிப் போட்டு ஊர்வதை அவர்கள் கூடத்தின் தரையில் செய்து காட்டினார்கள்: வலக்கை போகும்போது இடக்கால், இடக்கை போகும்போது வலக்கால். கன்டெம்பரரியின் தரைப் பயிற்சியில் பெரியவர்கள் வியர்வை சொட்டச் சொட்டக் கற்கும் குறுக்கு ஊர்தல் அதுவே. முழங்கால் சிராய்த்தது. அதற்கு மட்டும் பெற்றோரிடமிருந்து புகார் வந்தது. பழைய சாக்ஸின் நுனியை வெட்டி முழங்காலில் மாட்டிக்கொள்வது என்று முடிவானது.

இத்தனைக்கும் மேல் பிள்ளைகள் அதிகம் ரசித்தது ஜெர்மனியிலிருந்து வந்த ஒரு வரிசை. நடன அமைப்பாளர் பினா பௌஷ் 1982-இல் வுப்பர்டாலில் அரங்கேற்றிய 'நெல்கன்', மேடை நிறைய ஆயிரக்கணக்கான கார்னேஷன் பூக்கள் நட்டுவைத்த நிகழ்ச்சி. அதில் நடனக்காரர்கள் ஒருவர்பின் ஒருவராக நடந்துகொண்டே நான்கு பருவங்களைக் கையால் காட்டிச் செல்வார்கள்: வசந்தத்தின் குட்டைப் புல், கோடையின் உயர்ந்த புல்லும் வெயிலும், இலையுதிர் காலத்தில் விழும் இலை, குளிரில் நடுங்கும் முஷ்டி. இசை, ஜாஸ் கலைஞர் லூயிஸ் ஆம்ஸ்ட்ராங் 1928-இல் ஒலிப்பதிவு செய்த 'வெஸ்ட் எண்ட் புளூஸ்'. ஜாஸ், கன்டெம்பரரி, இயற்கை மூன்றும் ஒரே வரிசையில் நடந்துபோகும் அதிசயம் அது. உலகெங்கும் யார் வேண்டுமானாலும் தங்கள் ஊரில் இந்த வரிசையை ஆடிப் படம்பிடித்து அனுப்பலாம் என்று பினா பௌஷ் அறக்கட்டளை அழைப்பே விடுத்திருக்கிறது.

அந்த வீடியோவைக் காட்டியதும் நான்காம் வகுப்பு அரை பீரியடில் கற்றுக்கொண்டது. நான்காவது பருவத்தில்தான் தடை. முஷ்டியை இறுக்கி நடுங்க வேண்டும். "எதுக்கு மிஸ் நடுங்கறாங்க? ஏசியா?" சென்னைப் பிள்ளைக்குக் குளிர் என்றால் அதுதானே. இலையுதிர் காலமும் அப்படியே. பள்ளி வாசல் வாதாம் மரம் இலையை உதிர்ப்பது ஜெர்மனியின் கணக்கில் வராத மாதத்தில். அப்படியென்றால் நமக்கு என்னென்ன பருவம் என்று ஆசிரியை கரும்பலகையில் எழுதச் சொன்னார். வெயில், அதிக வெயில், கத்திரி வெயில், மழை என்று எழுதி வைத்தார்கள்.

சைகைகளும் அவர்களுடையவையே. வெயிலுக்குப் புத்தகப் பையைத் தலைமேல் தூக்கிப் பிடிப்பது. அதிக வெயிலுக்கு வெறுங்காலில் மணலில் துள்ளுவது. கத்திரிக்கு அசைவே இல்லை, காற்றில்லாத மரம்போல இரண்டு எண்ணிக்கை நிற்பது. நடந்துகொண்டே இருக்கும் வரிசை சட்டென்று உறைவதால் அந்த இரண்டு எண்ணிக்கையும் பார்ப்பவரை உலுக்கிவிடும். வடகிழக்குப் பருவமழைக்கு நீண்ட விவாதம் நடந்தது. குடை வேண்டாம், அது எல்லாப் பள்ளியிலும் வரும் என்று அவர்களே ஒதுக்கினார்கள். கடைசியில் நிலைத்தது, முழங்கால் தண்ணீரில் பாதத்தால் தரையைத் தடவித் தடவிப் பள்ளம் இருக்கிறதா என்று பார்த்து வைக்கும் அடி. வெள்ளத்தில் தெருவைக் கடந்தவர்களுக்கு அந்த அடி தெரியும். ஆம்ஸ்ட்ராங்கின் ட்ரம்பெட்டுக்கு அது எப்படிப் பொருந்தியது என்பதைக் கேட்டுப் பார்த்தால்தான் விளங்கும்.

ஆண்டு விழா நெருங்கியபோது வழக்கமான பேச்சு எழுந்தது. 'நேச்சர் தீம்' என்று அறிவித்தாயிற்று. ஆகவே வாடகைக் கடையிலிருந்து பட்டாம்பூச்சி இறக்கை, பச்சை ஜிகினா, அட்டையில் செய்த சூரியன். ஒரு பிள்ளைக்கு இவ்வளவு என்று பெற்றோரிடம் பணம் வசூலிக்கச் சுற்றறிக்கையும் தயாராகியிருந்தது. இறக்கையை மாட்டிக்கொண்டால் தோள் அசையாது. ஜிகினா பாவாடையோடு தரையில் ஊர முடியாது. ஆசிரியை அதைப் பேசிப் புரியவைக்க முயலவில்லை. தலைமை ஆசிரியையின் முன்னால் ஒரு பெண்ணுக்கு இறக்கையை மாட்டி, ஆமைக்குஞ்சு ஊர்தலைச் செய்யச் சொன்னார். இரண்டாவது எட்டிலேயே கம்பி வளைந்தது. வாடகைக் கடைக்கு அபராதம் கட்ட வேண்டுமே என்ற கவலை வந்ததும் முடிவு மாறியது. பிள்ளைகள் பி.டி. பனியனும் கறுப்புக் கால்சட்டையுமாக மேடை ஏறினார்கள். "டிரஸ் இல்லையா? என் பொண்ணு எதுவா ஆடறா?" என்று முன்வரிசையில் ஓர் அம்மா கேட்டது உண்மை. கத்திரி வெயிலில் வரிசை உறைந்தபோது அரங்கில் கைதட்டல் எழுந்ததும் உண்மை.

நம் தொடக்கப் பள்ளி விழாக்களில் இயற்கை என்பது பெரும்பாலும் துணிக்கடைச் சமாச்சாரம். மயில் என்றால் தோகை, மரம் என்றால் பச்சைத் துணி. மயில் கழுத்தை எப்படி முன்னே தள்ளித் தள்ளி நடக்கிறது என்பதைப் பார்த்த பிள்ளைக்குத் தோகை தேவைப்படாது. பார்க்காத பிள்ளைக்குத் தோகை கட்டியும் பயனில்லை. ஜாஸும் கன்டெம்பரரியும் இறக்குமதிச் சரக்கு, நம் பிள்ளைகளுக்கு எதற்கு என்ற கேள்விக்கு இந்த வகுப்பிலேயே பதில் இருக்கிறது. அவை கற்றுக்கொடுத்த முக்கியமான விஷயம் ஸ்டெப் அல்ல, சுற்றியிருப்பவற்றின் எடையையும் வேகத்தையும் தயக்கத்தையும் கண்ணால் அளந்து உடம்புக்குள் வாங்குவது.

ஆண்டு விழாவுக்குத் திட்டமிடும் பள்ளிகளுக்கு ஒரு வேண்டுகோள். உடைக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன், பாட்டைத் தேர்ந்தெடுப்பதற்கும் முன், நடன ஆசிரியருக்கு நான்கைந்து பீரியட் வெளியே விட்டுக் கொடுங்கள். மைதானம் இல்லாத பள்ளி என்றால் மொட்டை மாடி போதும். தரை சுடும் முன், காலை முதல் பீரியடில் போவது நல்லது.